நைஃபுக்கு முன்னால் எதற்கு ஒரு 'கே'?

கேள்வி: ஆறாவது படிக்கும் என் மகள், 'நைஃப்' என்று எழுதும்போது முன்னால் 'கே' எதற்கு என்று கேட்கிறாள். "அது சைலண்ட்" என்று சமாளித்தேன், விடமாட்டேன் என்கிறாள். எழுதுவது ஒன்று, வாசிப்பது ஒன்று என்பது ஆங்கிலத்தில் மட்டும்தானா? மற்ற மொழிகளோடு ஒப்பிட்டால் ஆங்கிலம் நிஜமாகவே விசித்திரமான மொழியா?

பதில்:

முதலில் உங்கள் மகளின் கேள்வி. அந்த 'கே' சும்மா வந்து ஒட்டிக்கொண்டதல்ல. ஒரு காலத்தில் அதையும் சேர்த்துத்தான் 'க்னீஃப்' என்பதுபோலச் சொன்னார்கள். ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்த வைக்கிங்குகளோடு கடல் தாண்டி வந்த சொல் அது. ஸ்வீடன்காரர்கள் இன்றும் கத்தியை 'க்னீவ்' என்கிறார்கள், 'க்' நன்றாகவே கேட்கும். ஜெர்மன்காரர்களுக்கு முழங்கால் 'க்னீ'. ஆங்கிலேயர்கள்தான் 17, 18ஆம் நூற்றாண்டு வாக்கில் இந்த 'க்ன' கூட்டொலியை வாயிலிருந்து விட்டுவிட்டார்கள். அதற்குள் எழுத்து கெட்டிப்பட்டுவிட்டதால் 'கே' அங்கேயே தங்கிவிட்டது.

இரவு என்னும் 'நைட்'டுக்கு நடுவே நிற்கும் 'ஜி-ஹெச்' கதையும் இதுதான். தொண்டையை உரசிக்கொண்டு வரும் ஓர் ஒலி அங்கே இருந்தது. ஜெர்மனில் அதே சொல் 'நஹ்ட்', அந்த உரசல் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆங்கிலத்தில் அந்த ஒலி செத்தபோது ஒரே மாதிரி சாகவில்லை, அதுதான் வம்பு. சில சொற்களில் அடியோடு மறைந்தது, சிலவற்றில் 'ஃப்' ஆக மாறியது. 'ஓ-யு-ஜி-ஹெச்' என்ற அதே நான்கு எழுத்து 'தோ', 'த்ரூ', 'டஃப்', 'காஃப்', 'பவ்' என்று ஐந்து விதமாக ஒலிப்பது இப்படி வந்ததுதான்.

இதை வைத்து ஒரு பழைய வேடிக்கை உண்டு. 'ஜி-ஹெச்-ஓ-டி-ஐ' என்று எழுதி அதை 'ஃபிஷ்' என்று வாசிக்கலாமாம். 'டஃப்'பில் உள்ள 'ஃப்', 'விமன்'னில் உள்ள 'இ', 'நேஷன்'னில் உள்ள 'ஷ்' என்று கணக்கு. நாடகாசிரியர் பெர்னார்ட் ஷா சொன்னதாக இது ஊரெல்லாம் சுற்றுகிறது. ஆனால் 1855இல் எழுதப்பட்ட ஒரு கடிதத்திலேயே இது இருக்கிறது, ஷா பிறந்ததோ 1856இல். அதைவிட முக்கியம், இந்த வேடிக்கை செல்லவே செல்லாது. சொல்லின் தொடக்கத்தில் 'ஜி-ஹெச்' ஒருபோதும் 'ஃப்' ஆகாது, கடைசியில் வரும் 'டி-ஐ' ஒருபோதும் 'ஷ்' ஆகாது. ஆங்கில எழுத்துக்கூட்டலுக்கு விதியே இல்லை என்று காட்டப் போனது, விதி இருக்கிறது என்று காட்டிவிட்டுப் போகிறது.

சரி, எழுத்து ஏன் அப்படிக் கெட்டிப்பட்டது? நேரம்தான் காரணம். வில்லியம் காக்ஸ்டன் 1476இல் லண்டனை ஒட்டிய வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் போட்டார், இங்கிலாந்தின் முதல் அச்சகம். ஒரு சொல்லை எப்படி எழுதுவது என்று அன்று யாருக்குமே நிச்சயம் இல்லை. எந்த ஊர்ப் பேச்சில் அச்சடிப்பது என்பதே பெரிய தலைவலி. அவரே 1490இல் ஒரு முன்னுரையில் ஒரு சம்பவத்தை எழுதி வைத்திருக்கிறார். தேம்ஸ் வழியாகக் கப்பலில் கிளம்பிய சில வியாபாரிகள் காற்றில்லாமல் நின்றுபோகிறார்கள். கரையிறங்கி ஒரு வீட்டில் சாப்பிட ஏதாவது கேட்கிறார்கள், குறிப்பாக முட்டை. கேட்டவர் 'எக்ஸ்' என்கிறார். வீட்டுக்காரம்மா, "எனக்கு ஃப்ரெஞ்சு தெரியாது" என்று சொல்லிவிடுகிறார். வந்தவருக்குக் கோபம், ஏனென்றால் அவருக்கும் ஃப்ரெஞ்சு தெரியாது! கடைசியில் கூட வந்த ஒருவர் 'எய்ரன்' என்று கேட்டதும்தான் அந்த அம்மாவுக்குப் புரிந்ததாம். 'எக்' வைக்கிங்குகள் கொண்டுவந்த சொல், 'எய்ரன்' தெற்கே புழங்கிய பழைய ஆங்கிலச் சொல். ஒரே நாட்டில் முட்டைக்கே இந்தப் பாடு என்றால் எதை அச்சில் வைப்பது என்று காக்ஸ்டன் புலம்பியதில் நியாயம் இருக்கிறது.

அச்சு வந்து எழுத்து மெல்ல மெல்ல நிலைபெற்ற அதே காலத்தில்தான் உச்சரிப்பு தலைகீழாகப் புரண்டுகொண்டிருந்தது. ஏறக்குறைய 1400க்கும் 1700க்கும் இடையே ஆங்கிலத்தின் நெடில் உயிரொலிகள் எல்லாமே இடம் மாறின. அதற்கு முன் 'டைம்' என்பது 'டீம', 'நேம்' என்பது 'நாம', 'ஹவுஸ்' என்பது 'ஹூஸ்'. பழைய உச்சரிப்புக்கு எழுதியதை வைத்துக்கொண்டு புதிய உச்சரிப்பில் வாசித்தார்கள். இதற்குச் சாட்சி வேண்டுமானால் எழுத்துகளின் பெயரையே பாருங்கள். இத்தாலியிலும் ஜெர்மனியிலும் 'ஆ, ஏ, ஈ' என்று சொல்லும் எழுத்துகளை ஆங்கிலத்தில் மட்டும் 'ஏ, ஈ, ஐ' என்கிறோம். லத்தீன் எழுத்தை வாங்கிய ஐரோப்பிய மொழிகளுக்குள் இதில் தனிவழி போனது ஆங்கிலம்.

இது போதாதென்று படித்தவர்கள் வேறு கை வைத்தார்கள். கடனுக்கான 'டெட்' ஃப்ரெஞ்சிலிருந்து வந்தபோது அதில் 'பி' கிடையாது. லத்தீனில் 'டேபிட்டும்' என்று இருக்கிறதே, நம் சொல்லும் லத்தீன் வாரிசு என்று தெரிய வேண்டாமா என்று பிற்காலத்தில் 'பி'யைச் செருகினார்கள். 'டவுட்'டில் உள்ள 'பி'யும் அப்படித்தான். 'ஐலண்ட்' இன்னும் மோசம். அது சுத்தமான பழைய ஆங்கிலச் சொல், 'எஸ்' அதில் எப்போதுமே இருந்ததில்லை. ஃப்ரெஞ்சு வழி வந்த 'ஐல்' என்ற வேறொரு சொல்லோடு உறவு என்று தப்பாக நினைத்து 'எஸ்'ஸைச் சேர்த்துவிட்டார்கள். அதாவது 'நைஃப்'பின் 'கே' ஒரு காலத்தில் வாழ்ந்த எழுத்து, 'ஐலண்ட்'டின் 'எஸ்' பிறக்கவே இல்லை. இந்த வித்தியாசத்தை உங்கள் மகளிடம் சொன்னால் ரசிப்பாள் என்று நினைக்கிறேன்.

இனி, ஆங்கிலத்தில் மட்டும்தானா என்ற கேள்வி. இல்லை. ஃப்ரெஞ்சில் 'ஈ-ஏ-யு' மூன்றும் சேர்ந்தால் 'ஓ', தண்ணீர் என்று பொருள். வினைச்சொல்லின் கடைசியில் ஐந்து எழுத்து எழுதி ஒற்றை 'எ' மட்டும் சொல்லும் இடங்கள் உண்டு. திபெத்திய மொழியைப் பார்த்தால் ஆங்கிலம் எவ்வளவோ பரவாயில்லை என்று தோன்றும். எட்டு என்ற எண்ணை 'ப்ர்க்யத்' என்பதுபோல எழுதிவிட்டு லாசாவில் 'க்யே' என்று சொல்வார்கள். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய உச்சரிப்பை எழுத்து இன்னும் பிடித்து வைத்திருக்கிறது. மறுபக்கம் ஃபின்னிஷ், துருக்கி மாதிரி எழுதியபடியே வாசிக்கும் மொழிகளும் உண்டு. துருக்கிக்கு அந்தச் சௌகரியம் 1928இல் வந்தது, அரபு எழுத்தை விட்டுப் புதிதாக லத்தீன் எழுத்துக்கு மாறியபோது ஒலிக்கு ஏற்றபடி அமைத்துக்கொண்டார்கள். அமெரிக்காவில் நடக்கும் ஸ்பெல்லிங் பீ என்ற எழுத்துக்கூட்டல் போட்டி மாதிரி ஒன்றை அங்கே நடத்தினால் முதல் சுற்று முடியவே முடியாது.

நம் தமிழ்? எழுதியபடியே வாசிக்கலாம் என்று நாம் மார்தட்டுவதில் பாதிதான் உண்மை. 'கடல்', 'தங்கம்', 'அகம்' மூன்றிலும் ஒரே ககரம், ஒலி மூன்று. ஆனால் சொல்லில் அது நிற்கும் இடத்தைப் பார்த்தாலே எப்படி ஒலிக்கும் என்று தெரிந்துவிடும், அதனால் குழந்தைக்குச் சிரமமில்லை. வடசொல்லும் ஆங்கிலச் சொல்லும் உள்ளே வந்ததும்தான் இந்த ஒழுங்கு குலைகிறது. 'பாவம்' என்று எழுதினால் புண்ணியத்துக்கு எதிர்ப்பதமா, நடனமாடுபவரின் முகத்தில் தெரிவதா என்பது வாக்கியத்தைப் படித்தால்தான் தெரியும்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது, பழகிப்போனதால் நம் கண்ணில் படுவதில்லை. 'அவர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள்' என்று எழுதுகிறோம், வாயைத் திறந்தால் 'அவங்க வந்துட்டு இருக்காங்க'. புத்தகத்தில் தமிழ் படித்துவிட்டு ஒரு வெளிநாட்டுக்காரர் மதுரை டீக்கடையில் "எனக்கு ஒரு தேநீர் வேண்டும் ஐயா" என்று கேட்டால் கடையே திரும்பிப் பார்க்கும். ஆங்கிலம் பழைய எழுத்துக்கூட்டலைத்தான் பிடித்து வைத்திருக்கிறது. நாம் பழைய இலக்கணத்தையே பிடித்து வைத்திருக்கிறோம், 13ஆம் நூற்றாண்டு நன்னூலின் புணர்ச்சி விதியைப் பள்ளிக்கூடத்தில் இன்றும் சொல்லித் தருகிறோம். ஆக, எழுத்துக்கும் பேச்சுக்கும் உள்ள தூரத்தை வைத்து ஆங்கிலத்தைக் கேலி செய்ய நமக்கு அவ்வளவாக உரிமை இல்லை என்பது என் கட்சி.

என்னைக் கேட்டால் ஆங்கிலத்தின் நிஜமான விசித்திரம் எழுத்தில் இல்லை. யாரும் கவனிக்காத வேறு சில இடங்களில் இருக்கிறது. முதல் உதாரணம் 'டூ'. 'யூ லைக் காஃபி' என்பதைக் கேள்வியாக்க 'டூ யூ லைக் காஃபி' என்கிறோமே, அந்த 'டூ'வுக்கு என்ன அர்த்தம்? ஒன்றுமில்லை. உலக மொழிகளில் பெரும்பாலானவை கேள்வி கேட்க ஒரு சிறு துண்டை ஒட்டிக்கொள்ளும். நமக்கு 'ஆ': பிடிக்குமா, வருவாளா. ஜப்பானியத்தில் கடைசியில் 'கா', சீனத்தில் கடைசியில் 'மா', இந்தியில் முன்னால் 'க்யா'. ஜெர்மன் வினையைத் தூக்கி முன்னால் போடும், "குடிக்கிறாய் நீ காபி?" என்பதுபோல. ஆங்கிலமும் அப்படித்தான் இருந்தது. ஷேக்ஸ்பியர் காலத்து நாடகங்களில் பழைய முறையும் 'டூ' முறையும் கலந்தே வரும். பிறகு 'டூ' ஜெயித்துவிட்டது. எதிர்மறையிலும் புகுந்து 'ஐ நோ நாட்' என்பது 'ஐ டூ நாட் நோ' ஆனது. இது எங்கிருந்து வந்தது, பக்கத்து வெல்ஷ் மொழியின் பாதிப்பா, தானாக வளர்ந்ததா என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். எப்படியோ, பொருளே இல்லாத ஒரு வினையை வைத்துக் கேள்வியும் மறுப்பும் செய்வது உலகத்தில் அபூர்வம்.

'ஹீ கோஸ்' என்பதில் வரும் அந்த 'எஸ்' இன்னொன்று. தமிழில் வந்தேன், வந்தாய், வந்தான் என்று எல்லோருக்கும் விகுதி உண்டு. சீனத்தில் யாருக்குமே கிடையாது. இரண்டுமே நியாயம். சில மொழிகளில் சிலருக்கு மட்டும் விகுதி இருக்கும், அப்போது விகுதியில்லாமல் நிற்பது பெரும்பாலும் படர்க்கை ஒருமைதான். துருக்கியில் 'கெலியோரும்' என்றால் நான் வருகிறேன், 'கெலியோர்' என்று மொட்டையாகச் சொன்னால் அவன் வருகிறான். ஆங்கிலமோ மற்ற எல்லோரையும் மொட்டையாக விட்டுவிட்டு அந்த ஒருவனுக்கு மட்டும் வால் ஒட்டுகிறது. நம் பிள்ளைகள் 'ஷி கோ' என்று எழுதி மதிப்பெண் இழப்பதற்குப் பாதிக் காரணம் அவர்கள் அல்ல என்பேன்.

அப்புறம் 'யூ'. நீ, நீங்கள் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால் ஆங்கிலேயருக்கு மரியாதை தெரியாது என்று சிலர் சொல்வதுண்டு. நடந்தது நேரெதிர். 'தவ்' என்பது நீ, 'யூ' என்பது நீங்கள். மரியாதைக்காக 'யூ' போட ஆரம்பித்து, போகப் போக எல்லோருக்கும் 'நீங்கள்' போட்டதில் 'நீ' வழக்கொழிந்துபோனது. மரியாதை கூடிப்போய்ப் பன்மைக்குத் தட்டுப்பாடு வந்ததால்தான் அமெரிக்கத் தெற்கில் 'யால்' என்று ஒன்றை உண்டாக்கிக்கொண்டார்கள். 'நாம்', 'நாங்கள்' என்ற பிரிவு ஆங்கிலத்தில் எப்போதுமே இருந்ததில்லை. அதுவும் ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் இல்லாததுதான். நண்பன் 'வீ ஆர் கோயிங் டு தி மூவி' என்றால் நம்மையும் சேர்த்துச் சொல்கிறானா இல்லையா என்று முழித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

எதிர்மறைக் கேள்விக்குப் பதில் சொல்லும்போதும் நாம் மாட்டிக்கொள்வோம். "காபி வேண்டாமா?" என்று கேட்டால், வேண்டாதவர் தமிழில் "ஆமா, வேண்டாம்" என்பார். கேட்டவர் சொன்னதை ஆமோதிக்கிறோம். ஜப்பானியரும் இப்படித்தான். ஆங்கிலத்தில் 'நோ' என்றுதான் சொல்ல வேண்டும். காபி வேண்டாம் என்று நினைத்து 'யெஸ்' சொன்னால் காபி வந்துவிடும். ஜெர்மனும் ஃப்ரெஞ்சும் இந்தக் குழப்பத்துக்கென்றே தனிச்சொல் வைத்திருக்கின்றன, 'டோஹ்', 'சி' என்று. பழைய ஆங்கிலேயரிடம் நான்கு சொல் இருந்தன. 'யே', 'நே' இரண்டும் சாதாரணக் கேள்விக்கு, 'யெஸ்', 'நோ' இரண்டும் எதிர்மறைக் கேள்விக்கு. இருந்த வசதியைத் தொலைத்துவிட்டார்கள்.

ஆங்கிலம் சுலபமாக இருக்கும் இடங்களையும் சொல்ல வேண்டும். மேசை பெண், நாற்காலி ஆண் என்ற தொல்லை அதில் இல்லை. ஃப்ரெஞ்சு, ஜெர்மன், இந்தி படிப்பவர்களைக் கேளுங்கள். உயிரில்லாததெல்லாம் 'அது' என்ற விஷயத்தில் ஆங்கிலம் தன் ஐரோப்பியச் சொந்தங்களை விட நம் திணைப் பாகுபாட்டுக்குத்தான் பக்கத்தில் நிற்கிறது.

'ஏ', 'தி' போடுவதில் நமக்கு வரும் தடுமாற்றத்துக்கும் ஒரு வார்த்தை. லத்தீனிலும் ரஷ்யனிலும் அவை இல்லை, நமக்கும் இல்லை. ஆனால் 'தி'யின் வேலையில் கொஞ்சத்தை நம் இரண்டாம் வேற்றுமை செய்துவிடுகிறது. 'புத்தகம் வாங்கினேன்' என்றால் ஏதோ ஒரு புத்தகம், 'புத்தகத்தை வாங்கினேன்' என்றால் கேட்பவருக்கும் தெரிந்த அந்தப் புத்தகம். எந்த இடத்தில் 'ஐ' தானாக வருகிறதோ அங்கே 'தி' பெரும்பாலும் பொருந்தும். எப்போதும் என்று சொல்ல மாட்டேன்.

'புட் ஆஃப்', 'புட் அவுட்', 'புட் அப் வித்' என்று ஒரே வினை பத்து அவதாரம் எடுப்பதைப் பார்த்து மிரள்கிறோம். தள்ளிப்போடுவது, அணைப்பது, பொறுத்துக்கொள்வது மூன்றும் 'புட்'டுக்குள் எப்படி அடங்கின என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. தமிழ் படிக்கும் வெள்ளைக்காரர் நம் துணைவினைகளைப் பார்த்து இதைவிட மோசமாக மிரளுகிறார். செய்துவிடு, செய்துகொள், செய்துபார், செய்துவை. இந்த நான்கையாவது விளக்கிவிடலாம். 'போய்த்தொலை', 'வந்து தொலைத்தான்' என்பதில் எது தொலைந்தது என்று கேட்டால் என்னவென்று சொல்வது?

எழுத்தைத் திருத்திவிட்டால் என்ன என்றும் நீங்கள் யோசிக்கலாம். முயற்சி நடந்திருக்கிறது. அமெரிக்காவில் அகராதி தொகுத்த நோவா வெப்ஸ்டர் 'கலர்'ரிலிருந்து 'யு'வை எடுத்தார், அது நிலைத்தது. நாக்குக்கு 'டி-யு-என்-ஜி' என்று எழுதச் சொன்னார், யாரும் கேட்கவில்லை. உச்சரிப்புப்படி எழுதுவது என்றால் யாருடைய உச்சரிப்பு? லண்டனா, கிளாஸ்கோவா, டெக்சாஸா, சென்னையா? இன்னொரு நஷ்டமும் உண்டு. 'சைன்' என்பதில் 'ஜி' ஒலிப்பதில்லை, ஆனால் 'சிக்னேச்சர்' என்பதில் ஒலிக்கிறது. அந்த ஊமை எழுத்துதான் இரண்டும் ஒரே குடும்பம் என்று கண்ணுக்குக் காட்டுகிறது. 'ஹீல்', 'ஹெல்த்' இரண்டும் அப்படியே. இதனால்தான் நான் சீர்திருத்தக் கட்சியில் சேரவில்லை.

உங்கள் மகளுக்கு என்ன செய்யலாம்? 'சைலண்ட்' என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். 'க்ன' குடும்பத்தை ஒன்றாகக் கொடுங்கள்: நைஃப், முழங்கால் என்னும் 'நீ', முடிச்சு என்னும் 'நாட்', தெரியும் என்னும் 'நோ', குதிரைவீரன் என்னும் 'நைட்'. 'ரைட்', 'ராங்', 'ரிஸ்ட்' என்று முன்னால் 'டபிள்யூ' நிற்கும் குடும்பத்தை ஒன்றாக. பழைய உச்சரிப்பில் 'க்னீ', 'வ்ரிஸ்ட்' என்று சிரித்துக்கொண்டே சொல்லிப் பழகட்டும், எழுத்து மறக்காது. அதற்குப் பிறகு, எழுத்தைவிட நம் பிள்ளைகளுக்கு அதிகமாக உதை கொடுக்கும் அழுத்தத்துக்கு வாருங்கள். தமிழில் எல்லா அசையையும் ஏறத்தாழ முழுசாகச் சொல்வோம். ஆங்கிலத்தில் ஒன்றை அழுத்தினால் மற்றதை விழுங்கிவிட வேண்டும். 'ஃபோட்டக்ராஃப்' என்பதில் முதல் அசையை அழுத்துகிறார்கள், 'ஃபடாக்ரஃபி' என்பதில் அழுத்தம் இரண்டாவதுக்குப் போனதும் முதல் 'ஓ' காணாமல் போய்விடுகிறது. 'பனானா'வில் மூன்று 'ஏ', நடுவில் உள்ளதற்குத்தான் முழு ஒலி. ஆங்கிலத்தில் மிக அதிகமாக ஒலிக்கும் உயிர் இப்படி விழுங்கப்பட்ட 'அ'தான், அதற்கென்று ஓர் எழுத்தே கிடையாது. அகராதியில் தலைகீழான 'ஈ' போட்டுக் காட்டியிருப்பார்கள். அந்தக் குறியை அடையாளம் காணக் கற்றுக்கொண்டாளானால், இனி எந்தப் புதுச் சொல் வந்தாலும் உங்களைக் கேட்காமல் அவளே பார்த்துக்கொள்வாள்.